நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்க: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் பார்ப்பது

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும் மற்றவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எதைச் சாப்பிட்டால் நமக்கு வராமல் இருக்கும்?" என்பதுதான். அப்பாவுக்கு வந்தபோது நானும் மருத்துவரிடம் அதையேதான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என் சட்டைப்பையைப் பார்த்தார். அதில் சிகரெட் இருந்தது.

அந்தச் சிகரெட்டை விட எனக்கு அதற்கப்புறமும் ஒன்றரை வருடம் ஆனது. மூன்று முறை விட்டு மறுபடி பிடித்து, நான்காவது முறைதான் நின்றது. அதற்கு நடுவில் கருஞ்சீரகம், பச்சை ஜூஸ், சத்து மாத்திரை, வீட்டுக்குக் காற்று சுத்தப்படுத்தும் இயந்திரம் என்று பணத்தைச் செலவழித்துக்கொண்டிருந்தேன். இதில் எது பெரியது, எது சின்னது என்று யாரும் வரிசைப்படுத்திச் சொல்லவில்லை. இப்போதுதான் முதல்முறையாக இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக அந்த வரிசையை எழுதுகிறேன். மேலே இருக்கிற வேலையை முடிக்காமல் கீழே இருப்பதற்குத் தாவாதீர்கள், அதுதான் என் ஒரே வேண்டுகோள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் செய்தால் நோய் வரவே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. உலக அளவில் நுரையீரல் புற்றுநோயில் ஏறக்குறைய 85 சதவீதத்துக்குப் புகையிலைப் புகைதான் காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டில் பீடி, சிகரெட்டைத் தொடாமலே இந்த நோய் வந்தவர்களும் கணிசமாக இருக்கிறார்கள், குறிப்பாகப் பெண்கள். அதனால் நோய் வந்த யாரையும் பார்த்து "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காதீர்கள்.

முதலில் ஒரு தாள் எடுங்கள்

கைபேசியில் வேண்டாம், தாளில் எழுதுங்கள். பின்னால் மருத்துவரிடம் போகும்போது இதே தாள் உதவும்.

எத்தனை வயதில் புகைக்கத் தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருடம், விட்டிருந்தால் எந்த வருடம் விட்டீர்கள். வீட்டில் வேறு யாராவது புகைக்கிறார்களா. விறகடுப்பில் எத்தனை வருடம் சமைத்தீர்கள், அல்லது சின்ன வயதில் அந்தச் சமையலறையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். என்னென்ன வேலை பார்த்தீர்கள், அதில் தூசி, புகை, வெல்டிங், டீசல் உண்டா. முன்பு காசநோய் வந்திருக்கிறதா, நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது நுரையீரல் புற்றுநோய் வந்ததா.

புகைப்பவர்கள் இன்னொரு கணக்கும் போடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்பதை 20ஆல் வகுத்து, எத்தனை வருடம் என்பதால் பெருக்குங்கள். தினம் 10 வீதம் 40 வருடம் என்றால் 20 வரும். இதற்குப் 'பாக்கெட் ஆண்டு' என்று பெயர். நம் ஊர்ப் பாக்கெட்டில் பெரும்பாலும் 10தான் இருக்கும், ஆனால் கணக்கு 20ஐ வைத்துத்தான், அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த எண் எதற்கு என்று பின்னால் ஸ்கேன் பற்றிச் சொல்லும்போது புரியும்.

புகையை விடுவது

இந்தக் கட்டுரையில் பாதி இதைப் பற்றித்தான் இருக்கும், ஏனென்றால் அபாயத்தில் பாதிக்கும் மேல் இங்கேதான் இருக்கிறது.

புதிதாக யோசிப்பவர்கள் எல்லோரும் செய்வது எண்ணிக்கையைக் குறைப்பது. 15ஐ 5 ஆக்கினேன், அபாயமும் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்று மனம் கணக்குப் போடும். நுரையீரல் புற்றுநோய் விஷயத்தில் எத்தனை புகைத்தோம் என்பதைவிட எத்தனை வருடம் புகைத்தோம் என்பதுதான் அதிகம் கணக்கில் வருகிறது. குறைத்துக்கொண்டு பத்து வருடம் ஓட்டினால் அந்தப் பத்து வருடமும் சேர்ந்துகொண்டேதான் போகும். போதாததற்கு, குறைவாகப் புகைப்பவர்கள் நிகோடின் போதாமல் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்து, நுனிவரை குடிப்பார்கள். குறைப்பது நிறுத்துவதற்கு முந்தைய இரண்டு வாரப் பயிற்சியாக இருந்தால் நல்லது, அதுவே முடிவாகிவிடக் கூடாது.

பீடி இயற்கையானது, இலைதானே என்று இன்னும் சொல்கிறார்கள். என் அப்பாவும் சொன்னார். பீடியில் புகையிலை குறைவுதான், ஆனால் அந்த இலை சரியாக எரியாது, அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டும், அதனால் உள்ளே போகிற தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைவில்லை. சிகரெட்டிலிருந்து பீடிக்கோ, மெல்லிய சிகரெட்டுக்கோ, புதினா வாசனை சிகரெட்டுக்கோ மாறுவதில் எந்த லாபமும் கிடையாது. மின்சிகரெட் விற்பது இந்தியாவில் 2019 முதல் தடை, அதில் போய் மாட்டாதீர்கள். சிகரெட்டை விட்டுவிட்டு உதட்டுக்குள் புகையிலைத்தூள் வைத்துக்கொள்கிறவர்கள் நுரையீரலைக் காப்பாற்றி வாயைக் கொடுக்கிறார்கள், வாய்ப் புற்றுநோய் அப்படித்தான் வருகிறது.

"இத்தனை வருடம் ஆகிவிட்டது, இனிமேல் விட்டு என்ன?" என்பது அடுத்தது. பிரிட்டனில் மருத்துவர்களையே 1951இலிருந்து 50 வருடம் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு நடந்தது. 30 வயதில் விட்டவர்கள் தொடர்ந்து புகைத்தவர்களைவிட ஏறக்குறைய 10 வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். 40இல் விட்டவர்களுக்கு 9, 50இல் விட்டவர்களுக்கு 6. 60 வயதில் விட்டவர்களுக்கும் 3 வருடம் கிடைத்தது. நுரையீரல் புற்றுநோயை மட்டும் எடுத்துக்கொண்டால், விட்டு 10 முதல் 15 வருடத்தில் அபாயம் தொடர்ந்து புகைப்பவரின் அபாயத்தில் பாதியாகிறது. ஒருபோதும் புகைக்காதவர் அளவுக்கு முழுதாக இறங்காது. ஆனால் விடாதவருக்கு அது வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது. அதனால் 62 வயது மாமாவிடம் "இனிமேல் எதற்கு, இருக்கிறவரை இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சொல்லாதீர்கள், அவருக்கும் மூன்று வருடம் இருக்கிறது.

சரி, எப்படி விடுவது?

ஒரு தேதி குறியுங்கள். இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் தள்ளினால் அது தேதியாக இருக்காது. கல்யாணம், ஊர்த் திருவிழா, வேலையில் நெருக்கடி இல்லாத வாரமாகப் பாருங்கள். வீட்டில் ஒருவரிடமும் கூடப் புகைப்பவர்களில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் "வீட்டில் இருக்கிற பாக்கெட், லைட்டர் எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள்" என்று இருக்கும். நம்மில் பாதிப் பேரிடம் பாக்கெட்டே கிடையாது. ஒன்றிரண்டு சில்லறையாக வாங்குகிறோம், பெட்டிக்கடைத் தூணில் தொங்குகிற கயிற்று நெருப்பில் பற்றவைக்கிறோம், கையில் டீ கிளாஸ். நம் பாக்கெட் அந்தக் கடைதான், அதனால் தூக்கிப் போட வேண்டியது அந்த வழியை. முதல் ஒரு மாதம் வேறு தெருவில் போங்கள். டீயை உட்கார்ந்து குடிக்கிற ஹோட்டலுக்கு மாற்றுங்கள், அல்லது வீட்டிலேயே. என்னுடைய மூன்று தோல்விகளில் இரண்டு அதே டீக்கடையில், அதே இரண்டு நண்பர்களோடு நடந்தவை. நான்காவது முறை அவர்களிடமே போய், "ஒரு மாதம் நான் வர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் அடுத்த வருடம் தானும் விட்டார்.

டீ, காபி பற்றி இன்னொன்று, இதைப் பலர் அறிவதில்லை. புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலை வேகமாக வேலை செய்ய வைத்து, கஃபீனைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும், முன்பு குடித்த அதே ஐந்து டீ இப்போது உடம்பில் நெடுநேரம் நிற்கும். படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும், நாம் அதைச் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போவோம். விடுகிற நாளிலிருந்து டீ, காபியைப் பாதியாக்குங்கள். இதே காரணத்தால் ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுபவர்களும், மனநலத்துக்குக் குளோசபின் சாப்பிடுபவர்களும் விடுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும், மருந்தளவை மாற்ற வேண்டிவரும். இன்சுலின் போடுபவர்களும் சொல்லிவையுங்கள்.

மனஉறுதி மட்டும் போதும் என்று இறங்குகிறவர்கள் 100 பேரில் ஆறு மாதம், ஒரு வருடம் தாக்குப்பிடிப்பவர்கள் 3 முதல் 5 பேர்தான். இது கோழைத்தனம் இல்லை, நிகோடின் அப்படிப்பட்ட பொருள். உதவியோடு விடுங்கள்.

முதல் உதவி தொலைபேசி. 1800-11-2356, இது தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள். 2018இலிருந்து சிகரெட், பீடிப் பொட்டலங்களிலேயே இந்த எண் அச்சாகிறது, சில்லறையாக வாங்குவதால் நாம் பார்ப்பதில்லை. நேரில் பேச விரும்புகிறவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் நெஞ்சக நோய்ப் பிரிவு அல்லது மனநலப் பிரிவு உதவும். சென்னையில் இருப்பவர்களுக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் இதற்கான ஆலோசனை கிடைக்கும்.

இரண்டாவது நிகோடின் சூயிங்கம். மருந்துக்கடையில் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு அளவில் இருக்கிறது. காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவராக இருந்தால் 4 தேவைப்படும், மற்றவர்களுக்கு 2 போதும். இதைப் பலர் சாதாரண சூயிங்கம் போல மென்று, எச்சிலை விழுங்கி, விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து, "இது சரிப்படாது" என்று விட்டுவிடுகிறார்கள். மெல்ல மெல்லுங்கள். நாக்கில் மிளகு கடித்தது போலச் சுருக்கென்று வந்ததும் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள், வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு கம் அரை மணி நேரம். அதற்கு முன்னால் கால் மணி நேரமும், வாயில் இருக்கும்போதும் டீ, காபி, எலுமிச்சை ஜூஸ் எதுவும் வேண்டாம், வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் உறிஞ்சப்படாது. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அப்புறம் மெல்ல மெல்லக் குறைத்து மூன்று மாதத்தில் முடியுங்கள். ஆசை வந்த பிறகு போட்டால் பிந்திவிடும், வருவதற்கு முன்பே போடுங்கள்.

தோலில் ஒட்டும் பட்டையும் உண்டு. பட்டையும் கம்மும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிட நன்றாக வேலை செய்யும். வேரனிக்ளின், புப்ரோபியான் என்ற மாத்திரைகள் மருத்துவர் சீட்டோடு மட்டும்தான். கர்ப்பிணிகளும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் இவற்றில் எதையும் தாங்களாக வாங்கக் கூடாது.

முதல் மூன்று நாள் மிகக் கடினம். எரிச்சல், தலைவலி, கவனம் நிற்காது, வீட்டில் சண்டை வரும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் இது அடங்கும். ஒவ்வொரு ஆசையும் தனியாகப் பார்த்தால் நாலைந்து நிமிடம்தான், அந்த நாலைந்து நிமிடம் என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்துவையுங்கள். தண்ணீர் குடிக்கலாம், மாடிப்படி ஏறி இறங்கலாம், கிராம்போ ஏலக்காயோ வாயில் போடலாம், யாருக்காவது போன் செய்யலாம். நான் என் அக்காவுக்குப் போன் செய்வேன். அவள் என்ன ஏது என்று கேட்காமல் அன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லத் தொடங்கிவிடுவாள்.

விட்ட சில நாளில் இருமல் அதிகமாகலாம், சளி கறுப்பாக வரலாம். இதைப் பார்த்துப் பயந்து "சிகரெட் குடித்தபோதே நன்றாக இருந்தேன்" என்று திரும்பிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளுகிற நுண்ணிய மயிரிழைகள் புகையால் செயலற்றுக் கிடந்தவை மறுபடி வேலை செய்யத் தொடங்குகின்றன, அதனால்தான் இது. சில வாரத்தில் குறையும். குறையாமல் நீடித்தாலோ, சளியில் ரத்தம் இருந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். உடம்பு நாலைந்து கிலோ கூடலாம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒருநாள் ஒன்று குடித்துவிட்டீர்கள் என்றால் அன்றைக்கு எங்கே, யாரோடு, எந்த நேரத்தில் என்று தாளின் பின்பக்கம் எழுதிவிட்டு, மறுநாள் காலையிலிருந்து தொடருங்கள். "எல்லாம் போச்சு" என்று பாக்கெட் வாங்காதீர்கள்.

அடுத்தவர் புகை

புகைக்காதவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். வீட்டில் புகைப்பவரோடு வாழ்கிற, தான் புகைக்காதவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது. ஜன்னலோரம் நின்று குடிப்பது, மின்விசிறியைப் போட்டுக்கொள்வது, ஊதுபத்தி ஏற்றுவது இவற்றில் எதுவும் புகையைத் தடுக்காது. வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் யாரும் குடிப்பதில்லை என்று ஒரே விதி வையுங்கள், மாமனார் வந்தாலும் அதே விதி. மருமகள் போய் மாமனாரிடம் சொல்ல முடியாத வீடுகள்தான் அதிகம், அங்கே மகன் சொல்ல வேண்டும், அல்லது பேரப்பிள்ளை சொல்லட்டும், அதற்குத்தான் பலர் கேட்கிறார்கள். பொது இடத்தில் புகைப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது, 200 ரூபாய் வரை அபராதம். பேருந்து நிலையத்திலோ அலுவலகப் படிக்கட்டிலோ தயங்காமல் சொல்லலாம், சட்டம் உங்கள் பக்கம்.

அடுப்பும் வீட்டுக்குள் வரும் மற்ற புகையும்

விறகு, வறட்டி எரிக்கும் புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது, வீட்டுக்குள் எரிக்கும் நிலக்கரி உறுதியாகவே உண்டாக்கும் என்கிறது. கேஸ் வந்துவிட்ட வீடுகளிலும் வெந்நீருக்கும், நெல் அவிக்கவும், சிலிண்டர் மாதக் கடைசியில் தீர்ந்துபோகும்போதும் விறகடுப்பு எரிகிறது. முழுவதும் மாற்ற முடியாவிட்டால் அடுப்பைச் சமையலறைக்கு வெளியே, மேலே மூடாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். அது முடியாவிட்டால் புகைபோக்கி. ஈர விறகைத் தவிருங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பூத வேண்டாம். தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் எண்ணெயைப் புகை கிளம்பும் அளவுக்குக் காயவிடாதீர்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கொசுவர்த்திச் சுருள் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சுருள் எரிந்து முடிப்பதற்குள் வெளிவிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அதற்காக ஒரு சுருள் 100 சிகரெட் குடித்ததற்குச் சமமான புற்றுநோய் அபாயம் என்று அர்த்தமில்லை, யாராவது அப்படிச் செய்தி அனுப்பினால் நம்பாதீர்கள். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு இரவு முழுவதும் அதைக் குழந்தைகளோடு சுவாசிப்பதற்கு அவசியமே இல்லை. கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.

வேலையில் வரும் தூசி

வேலையை விடு என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது, அதனால் செய்ய முடிவதை மட்டும் சொல்கிறேன். கல் உடைப்பது, கிரானைட் அறுப்பது, மணல் வீச்சால் இரும்பைச் சுத்தம் செய்வது இவற்றில் சிலிக்கா (கல்லிலும் மணலிலும் இருக்கும் பொருள்) தூசி வருகிறது. அறுக்கும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும், இதுதான் முதல் பாதுகாப்பு. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது, முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 வகை முகக்கவசம் தேவை. வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்காதீர்கள். வெல்டிங் புகையும் டீசல் புகையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற பட்டியலில்தான் இருக்கின்றன. மூடிய கொட்டகைக்குள் வண்டியை ஓடவிட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை நம்மிடம் ஏராளம். உடையாமல் மேலே இருக்கிறவரை அதன் இழைகள் சிமெண்டுக்குள் இறுகி இருக்கும், அதன் கீழே வாழ்கிறோமே என்று தூக்கம் கெட வேண்டாம். அதை அறுப்பதும், துளை போடுவதும், உடைத்து எறிவதும், உடைந்த தூளை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்குவதும்தான் ஆபத்து. கழற்ற வேண்டியிருந்தால் தண்ணீர் ஊற்றி நனைத்து, முழு ஷீட்டாக இறக்குங்கள். இந்த இழைகளோடு வேலை செய்து, கூடவே புகையும் பிடிப்பவர்களுக்கு இரண்டு அபாயமும் கூட்டலாக வருவதில்லை, பெருக்கலாக வருகிறது. அமெரிக்காவில் இத்தொழிலாளர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், இரண்டும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் இரண்டும் உள்ளவர்களின் நுரையீரல் புற்றுநோய் மரணம் 50 மடங்குக்கு மேல் போனது. தூசி வேலையில் இருக்கிறவர்கள்தான் எல்லோரையும்விட முதலில் சிகரெட்டை விட வேண்டியவர்கள்.

வெளிக்காற்று, கதிர்வீச்சு

வெளிக்காற்று மாசும் புற்றுநோய்க் காரணிதான், 2013இல் அப்படி வகைப்படுத்தப்பட்டது. தனிமனிதனாக நாம் செய்ய முடிவது கொஞ்சம்தான். குப்பையையும் பிளாஸ்டிக்கையும் வாசலில் எரிக்காமல் இருப்பது, போகிக்கு டயர் கொளுத்தாமல் இருப்பது, 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பியது நினைவிருக்கும். பெரிய சாலையோரம் ஓடுவதைவிட உள்தெருவிலோ பூங்காவிலோ நடப்பது. அவ்வளவுதான். காற்று சுத்தப்படுத்தும் இயந்திரம் வாங்கிவிட்டு மாடியில் சிகரெட் குடித்தவன் நான், அதனால் சொல்கிறேன், வரிசையை மறக்காதீர்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை மணலின் கதிர்வீச்சைப் பற்றிப் பயம் உண்டு. அதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல்லாயிரம் பேரை நீண்ட காலம் பின்தொடர்ந்து 2009இல் முடிவு வெளியிட்டார்கள். மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. அதே ஊர் ஆண்களிடம் பீடி நுரையீரல் புற்றுநோயைப் பல மடங்கு கூட்டியது தெளிவாகத் தெரிந்தது.

கனடாவில் இருக்கிற நம்மவர்களுக்கு மட்டும்: அங்கே நுரையீரல் புற்றுநோய்க்கு இரண்டாவது பெரிய காரணம் ரேடான் என்ற கதிரியக்க வாயு. நிலத்திலிருந்து வந்து, குளிர்காலத்தில் சாத்திய வீடுகளில், குறிப்பாக நிலவறைகளில் தங்கும். நிறமோ மணமோ கிடையாது. அளக்கும் கருவி வாங்கி, குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் வைத்து அளக்கச் சொல்கிறது அந்நாட்டுச் சுகாதாரத் துறை, ஒரு கன மீட்டர் காற்றில் 200 பெக்கரலுக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மேல் இருந்தால் சரிசெய்ய வேண்டும். நிலவறையை வாடகைக்கு எடுத்திருந்தால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

பணத்தை வீணாக்காதீர்கள்

காய்கறி, பழம் நல்லது, தினம் சாப்பிடுங்கள். ஆனால் மாத்திரை வடிவில் வேண்டாம். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் நுரையீரலைக் காக்கும் என்று நம்பி, பின்லாந்தில் 29,000க்கும் அதிகமான புகைக்கும் ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகியிருந்தது. நுரையீரலைக் கழுவும் கஷாயம், பொடி, தேநீர் என்று விற்கிற எதுவும் படிந்த தாரைக் கழுவாது. சாதாரண மார்பு எக்ஸ்ரேயை வருடா வருடம் எடுத்துக்கொண்டாலும் நுரையீரல் புற்றுநோய் மரணம் குறைவதில்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன, ஆகவே "எக்ஸ்ரே நார்மல்" என்ற தைரியத்தில் புகைக்காதீர்கள்.

ஸ்கேன் யாருக்கு

குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் அதிகம் புகைத்த 53,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. அங்கே இப்போது 50 முதல் 80 வயது, 20 பாக்கெட் ஆண்டு அல்லது அதற்கு மேல், இப்போதும் புகைப்பவர் அல்லது 15 வருடத்துக்குள் விட்டவர் என்ற மூன்றும் பொருந்தினால் வருடம் ஒருமுறை எடுக்கச் சொல்கிறார்கள். உங்கள் தாளில் இருக்கும் எண் இதற்குத்தான்.

நம் நாட்டில் இதற்கென்று அரசுத் திட்டம் கிடையாது, அதற்குக் காரணமும் உண்டு. பழைய காசநோய்த் தழும்புகள் நம் நுரையீரல்களில் அதிகம், ஸ்கேனில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும், அதைத் துரத்திக்கொண்டு ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது, மறு ஸ்கேன் என்று பணமும் நிம்மதியும் போகும். அந்த அமெரிக்க ஆய்விலேயே சந்தேகம் என்று வந்த முடிவுகளில் 100இல் 96 புற்றுநோய் இல்லை. மேலே சொன்ன மூன்றும் பொருந்துகிறவர்கள் நெஞ்சக நோய் நிபுணரிடம் பேசி முடிவெடுங்கள். பொருந்தாதவர்கள் 'முழு உடல் பரிசோதனை' விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் போய் எடுக்க வேண்டாம்.

இருமலை எப்போது சும்மா விடக் கூடாது

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள், அரசு மருத்துவமனைகளில் இலவசம். பெரும்பாலும் வேறு காரணமாகத்தான் இருக்கும். சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, குரல் கம்மிப்போய் வாரக்கணக்கில் சரியாகாதது, தோள்பட்டையிலிருந்து கைக்கு இறங்கும் வலி, விரல் நுனி உருண்டு வீங்குவது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா, பல வருடமாக இருக்கும் புகைபிடிப்பவர் இருமல் திடீரென்று தன்மை மாறுவது, இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்பாவுக்கு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது. சளியில் கிருமி எதுவும் தெரியவில்லை, இருந்தாலும் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து மாதம் சாப்பிட்டார், எடை குறைந்துகொண்டே வந்தது, மாத்திரை சூடு என்று நாங்கள் மோர் கொடுத்துக்கொண்டிருந்தோம். அப்புறம்தான் சி.டி. எடுத்தார்கள். நம் ஊரில் இது பலருக்கு நடக்கிறது, இரண்டு நோயும் எக்ஸ்ரேயில் ஒன்று போலத் தெரியும். அதனால் காசநோய் என்று சொன்னால் "சளியில் கிருமி உறுதியானதா?" என்று கேளுங்கள். உறுதியாகாமல் மருந்து தொடங்கியிருந்தால், ஒரு மாதத்தில் இருமலும் எடையும் தேறவில்லை என்றால், மருந்தை நீங்களாக நிறுத்தாமல், "சி.டி. எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நாங்கள் கேட்கவில்லை.

முதலில் எழுதிய அந்தத் தாளையும், எடுத்த எல்லா எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையும், பத்து வருடப் பழையதாக இருந்தாலும் தூக்கிப் போடாமல், ஒரே உறையில் போட்டு வையுங்கள். புதிய படத்தில் ஒரு புள்ளி தெரிந்தால், அது பழைய தழும்பா, இப்போது வளர்கிறதா என்று மருத்துவர் முதலில் தேடுவது அந்தப் பழைய படத்தைத்தான்.